உள்ளே ஆள் இல்லை

எங்கள் சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் வெளியே இருப்பவர்கள் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்க மாட்டார்கள். பசி வயிற்றைக் கிள்ளினாலும் சரி, மழை பிடித்துக்கொண்டாலும் சரி, கடைசி ஆள் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் மூடியில் கை வைப்பார்கள். அதேபோல, ஒருவர் வாயில் சோறு போய்விட்டால், சாப்பிட உட்கார்ந்த எல்லாரும் கை கழுவி முடிக்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சுவரில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் இது எழுதப்படவில்லை. பலகையில் எழுதியிருப்பதைக் காற்றில் பறக்கவிடுகிறவர்கள்கூட இதை மீறி நான் பார்த்ததில்லை.

செம்மேட்டிலிருந்து பஸ் போகும் கடைசி ஊருக்கும் அப்பால், கொல்லிமலையின் ஒரு மடிப்பில் இருந்தது அந்தச் சுரங்கம். வெள்ளை வெங்கச்சங்கல் வெட்டினோம். கண்ணாடி செய்யப் போகும் என்று சொன்னார்கள். ஒரு வாசல், மலைக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு வழி, இரண்டாவது வளைவைத் தாண்டினால் கல் வெட்டுகிற இடம். அவ்வளவுதான். பெரிய சுரங்கம் என்று யாரும் பெருமை பேச முடியாது. வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்ட முதலுதவி அறை. அதில் நான் வேலை பார்த்தேன்.

என் அண்ணன் அங்கே மேட். மேட் என்றால், காலையில் எல்லாருக்கும் முன்னால் தனியாக உள்ளே போகிற ஆள். தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் நல்ல கல். பொக்கென்று கேட்டால் அது எந்நேரமும் பிடியை விடும், தட்டி இறக்கிவிட வேண்டும். முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, "வரலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் போவார்கள். அந்த ஒரு சொல் வரும்வரை நான் அறைக்குள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு, காதை மட்டும் வாசலில் வைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன். சிடுமூஞ்சி என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்த ஒரே பிறந்த வீடு அண்ணன்தான். அவருக்கு மிளகுக் கொடி இருந்தது, கொஞ்சம் சாமை விதைக்க நிலம் இருந்தது. இந்த வேலை இல்லாவிட்டாலும் கஞ்சிக்குக் குறைவில்லை. விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "நான் போகலீன்னா வேற ஒருத்தன் போவான். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா இல்ல?" என்பார். இந்த மாதிரிப் பேசுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாலு கால் மிஷின் வந்தது. எந்த நகரத்திலோ இருந்த ஒரு கம்பெனி, பழகிப் பார்க்கச் சொல்லி எங்களுக்குக் கொடுத்திருந்தது. கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி ஒரு பெட்டிக்குள் வந்து இறங்கியது. கூடவே வந்த இன்ஜினியர் தம்பிக்கு வளைவில் தலை சுற்றி, முதல் வேலையாக என் அறைக்கு வந்து படுத்துக்கொண்டார். வந்ததும் வராததுமாக எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மலையைப் பார்த்துப் பயப்படுகிற ஆளாவது ஒருவர் வந்தாரே என்று நினைத்தேன்.

ஒரு கன்றுக்குட்டி உயரம் இருக்கும் அந்த ரோபோ. மடித்துப் படுத்திருக்கும், பொத்தானை அமுக்கினால் முன்னங்காலை ஊன்றி எழும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி, அதற்குப் பின்னால் கேமரா. பக்கத்தில் இரண்டு விளக்கு. உள்ளே போய்ப் படம் எடுக்கும், காற்று நல்ல காற்றா என்று பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பாறை நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும். நகர்ந்த இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். ஆள் போவதற்கு முன்னால் இது போய்விட்டு வரும். இன்ஜினியர் தம்பி இதைச் சொன்னபோது நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். காலையில் முதலில் போவது இதுதானா? இதுதான், அக்கா.

யார் ஓட்டுவது என்று பார்க்க எல்லார் கையிலும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார். ஆண்பிள்ளைகள் எல்லாம் திருவிழாவில் பைக் முறுக்குவதுபோல முறுக்கினார்கள். ஒருவர் அதைக் கல் குவியலில் ஏற்றினார், இன்னொருவர் மேனேஜர் மேலேயே விட்டார். நான் மெதுவாக நடத்தி, வாசலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டுக் கொடுத்தேன். "இந்த அக்கா போதும்" என்றார் தம்பி. எனக்கு அந்த மிஷின் மேல் ஆசையெல்லாம் கிடையாது. கிரைண்டரைப்போல அதுவும் ஒன்று. ஆனால் அதை ஓட்டுகிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நடந்ததே வேறு. அவர்தான் அதனுடன் ஒட்டிக்கொண்டார். "குட்டி" என்று கூப்பிட்டார். காலையில் அதன் கூடவே வாசல் வரை நடந்து போய், "பாத்துப் போ சாமி" என்று சொல்லி அனுப்புவார். அது வெளியே வந்ததும் தன் துண்டால் காலில் ஒட்டிய சேற்றைத் துடைப்பார். "அது மிஷினுங்கண்ணா" என்பேன். "மிஷின்னா என்ன? நான் பண்ணுன வேலையத்தானே பண்ணுது" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் சோற்று நேரத்தில் அது உள்ளே இருந்தது. தூக்குப்போசியைத் திறக்கலாமா கூடாதா என்று பெரிய வழக்காகிவிட்டது. மிஷினுக்கு எதற்கு வழக்கம் என்றார்கள் பாதிப் பேர். "உள்ள போறதுக்குப் பயப்படாம முன்னால போகுதல்ல, அப்ப அதும் ஆளுதான்" என்று அண்ணன் சொன்னார். மேட் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அது வெளியே வரும்வரை அத்தனை பேரும் மூடிய போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிப்போகிறது என்று நான் முணுமுணுத்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை முன்கூட்டியே வந்துவிட்ட வருடம் அது. ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாளில் திரையில் சிவப்பு தெரிந்தது. இரண்டாவது வளைவு, கூரைப் பாறை. விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. ஊருக்குத் திரும்பியிருந்த இன்ஜினியர் தம்பி போனிலேயே பார்த்துவிட்டு, அங்கே முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் போகக் கூடாது என்றார். மேனேஜரும் வேலையை நிறுத்திவிட்டார். சேந்தமங்கலம் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களைக் கண்டால் கொஞ்சம் நடுங்குவார், அவ்வளவுதான்.

வேலை இல்லாவிட்டாலும் பூஜையை விட முடியுமா? லாரிக்கு, கம்ப்ரஸருக்கு, துளை போடும் மிஷினுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். வாழைக்கன்று கட்டினோம். கல் பொறுக்கும் அக்கா ஒருவர் குட்டிக்கென்றே தனியாகச் சாமந்திப் பூவில் மாலை கட்டி எடுத்து வந்திருந்தார். அண்ணன் சந்தனத்தைக் கரைத்து, முகத்தில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் பட்டையாக இழுத்து, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். மனிதருக்கு நெற்றி இருக்கும் இடத்தில் அதற்குக் கேமராக் கண்ணாடி இருந்தது. பூஜை முடிந்ததும் ஞாபகமாக ஈரத்துண்டால் துடைத்தும் விட்டார். நான் பார்த்தேன், பளிச்சென்றுதான் இருந்தது. ஈரம் இருக்கும்வரை சந்தனம் தெரியாது. காய்ந்தால்தான் மஞ்சளாகப் படியும்.

பூஜை கழிந்து வெளிவேலைக்கு ஆட்கள் வந்த அன்று, விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சிவப்பு இன்னும் கூடியிருக்கிறதா என்று பார்க்க மிஷினை உள்ளே அனுப்பினேன். வெளிச்சத்தில் இருந்தவரை படம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய் அதன் விளக்கு எரிந்ததும் அந்த வெளிச்சமே கண்ணாடியில் பட்டுத் திரை முழுக்கப் பனி மூடியதுபோல ஆகிவிட்டது. திருப்பிக் கூப்பிடப் பார்த்தேன். அதற்குள் வளைவில் உதிர்ந்து கிடந்த கல்லில் கால் இடறி, பக்கவாட்டில் சாய்ந்தது. எழுந்திருக்க முயன்றது. இரண்டு கற்களுக்கு நடுவில் ஒரு கால் மாட்டிக்கொண்டது. சிவப்பு தெரிந்த அதே இரண்டாவது வளைவு.

அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, மஞ்சளாத் தெரியுது?"

"சந்தனம்" என்றேன்.

அவர் தன் வலது கை விரலை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய் வாசலில் நின்றுகொண்டார். அவர் நிற்கிற நிலையைப் பார்த்தே என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மேனேஜர் அன்று நாமக்கல்லில் இருந்தார். போன் செய்தேன். பதறிப்போனார். மிஷின் நம்முடையது இல்லை, பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று ஆரம்பித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டது என் பொல்லாத நேரம்.

"யாரையும் உள்ள போகச் சொல்லலீங்க. அது தப்புங்க. ஆனா எப்படியாவது பாருங்க."

எப்படியாவது. இந்தச் சொல்லை நான் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன். ஆளை அனுப்பியவர் என்ற பழியும் வராது, வேலையும் நடந்துவிடும். அண்ணன் அதைக் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார்.

மத்தியானம் ஆயிற்று. ஆட்கள் வழக்கம்போலப் பாறையோரம் வட்டமாக உட்கார்ந்தார்கள், மடியில் மூடிய தூக்குப்போசி. ஒருவரும் திறக்கவில்லை. மாலை கட்டிய அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "குட்டி உள்ள கெடக்குது, எப்படிங்க சோறு எறங்கும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையைப் பார்த்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் பனிக்கு நடுவே ஒரு கல்லின் ஓரம் மட்டும் தெரிந்தது.

அண்ணன் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். ஹெல்மெட்டைப் போட்டார். சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார்.

"எங்கீங்கண்ணா?"

"இங்கதான். போனதும் வந்துருவேன்."

"சிவப்பு காட்டுன எடம் அது."

"சிவப்புக் காட்டுனா ஒடனே உழுந்துருமா? தட்டிப் பாத்துட்டுத்தான் போவேன். நேத்து இன்னைக்கா போறேன் நானு?"

"வேண்டாங்கண்ணா."

"நான் வெச்ச பொட்டு கண்ணு அது. என் கையால உழுந்து கெடக்குது. உள்ள ஒண்ணு கெடக்கறப்ப நான் வெளிய குந்தியிருந்தா, நாளைக்கு இவங்க எந்த நம்பிக்கைல என் பின்னால வருவாங்க?"

ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அத்தனை முகத்திலும், அவர் போக வேண்டும் என்பதுதான் எழுதியிருந்தது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பது ஆள் என்று நம்பிவிட்டார்கள். ஆள் என்றால் யாராவது போய்த்தான் ஆக வேண்டும். அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். உதறிவிட்டுப் போயிருப்பார். கத்தியிருப்பேன். நான்தான் தினமும் கத்துகிறவளாயிற்றே, யார் கேட்கப்போகிறார்கள்?

அறைக்குள் போய் என் தூக்குப்போசியை எடுத்து வந்தேன். சுரங்க வாசலில், சரியாக நடுவில், தரையில் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது என் காதில் விழுந்தது.

"ஏனுங்க அம்மிணி, உள்ள ஆளு இருக்கறப்பவா?" என்றார் கம்ப்ரஸர் ஓட்டுகிற பெரியவர்.

"உள்ளே ஆள் இல்லீங்க. மிஷின் இருக்குது."

"அதையும் ஆளுன்னு நாந்தானே சொன்னேன்?" என்றார் அண்ணன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தேன்.

மண்ணைத் தின்பதுபோல இருந்தது. தண்ணீரைக் குடித்துத் தள்ளினேன். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவள் நான். இத்தனை பேர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. ஆனால் வாயில் சோறு போய்விட்டது. இனி யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கம்ப்ரஸர்காரப் பெரியவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் போசியின் மூடியைத் திறந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் திறந்தார்கள். ஆறிப்போன களியையும் குச்சிக்கிழங்கையும் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் சாப்பிடவில்லை. கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார்கள். அண்ணனும் எழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"கை கழுவு கண்ணு" என்றார்.

"இன்னும் பசிக்குதுங்கண்ணா."

போசியில் ஒரு பருக்கை இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலி போசிக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை கழுவப்படாதவரை சாப்பாடு முடியவில்லை. அவர் நின்று பார்த்தார். "பிடிவாதக் கழுதை" என்றார். மறுபடி உட்கார்ந்தார். தூறல் போட்டது. விரலில் சோறு காய்ந்து தோல் இழுத்தது. பக்கத்தில் வைத்திருந்த திரையை இடது கையால் திருப்பிப் பார்த்தேன். விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. சார்ஜ் தீர்ந்ததா, மேலே பாறை விழுந்ததா என்று அங்கிருந்து சொல்ல முடியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பனி இறங்கி, மலையடிவாரம் போகும் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஆட்கள் கிளம்பினார்கள். அண்ணன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, என்னைத் தாண்டிப் போனார். ரோட்டு முனையில் அவர் மறைந்த பிறகுதான் எழுந்து போய்க் கை கழுவினேன். கால் மரத்துப்போயிருந்தது. மறுநாள் விடிந்ததும் இன்ஜினியர் தம்பி மேனேஜரிடம் போனில் சண்டை பிடித்து, வாசலில் சங்கிலி போட வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் என்னுடன் பேசவில்லை. அவர் வீட்டுக்குப் போனால் அண்ணி காபி கொடுப்பார், அவர் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுவார். தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுத்து அண்ணி கையில்தான் கொடுத்தனுப்பினார். ஊருக்குள்ளும் என்னைப் பற்றிப் பேசினார்கள். மேட்டையே பொட்டையாக உட்கார வைத்தவள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். மிளகு வாங்க வரும் வியாபாரியிடம் விலை பேசுகிறபோதுகூட எனக்குக் குரல் உயரவில்லை. சிடுமூஞ்சிக்கு என்ன ஆயிற்று என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருப்பார்கள்.

இரும்பு முட்டு வந்து சேர மழை முடிந்துவிட்டது. அதில் பழகிய ஆட்கள் வாசலிலிருந்து ஒவ்வொரு முட்டாகக் கொடுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். இரண்டாவது வளைவுக்கும் முட்டுக் கொடுத்து முடித்த அன்று, மேட் என்ற முறையில் அண்ணன் அவர்களுடன் போனார். இந்த முறை நான் தடுக்கவில்லை. பஞ்சைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். மிஷின் அவர் தோளில் இருந்தது, நாலு காலும் தொங்கிக்கொண்டு. ஒரு கீறல்கூட இல்லை. பாறை விழவே இல்லை. முட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டேன். அது பத்து வருசமும் அப்படியே நின்றிருக்கும், அன்றைக்கே வந்தும் இருக்கும், யாருங்க சொல்ல முடியும் என்றார்கள்.

அண்ணன் மிஷினை இறக்கி வைத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். அத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"ஒரு கல்லு! ஒரு கல்லு உழுந்திருக்குதா, வந்து பாரு! அன்னைக்கே போயிருந்தா அப்பவே தூக்கிட்டு வந்திருப்பேன். ஊரு முன்னால என்னப் பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டியே! இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் அவங்க முன்னால நிப்பேன்?"

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றியில் சேறு, மீசையில் வெள்ளைக் கல்தூசி. கத்தக் கத்த மூச்சு வாங்கியது, நிறுத்தி இழுத்துவிட்டு மறுபடி கத்தினார். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் செய்தது சரி என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அதைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார். "எதுக்கு அழுகற? பண்ணுனது தப்புன்னு இப்பவாவது தெரியுதா?"

"இல்லீங்கண்ணா" என்றேன். "திட்டுங்க. இன்னும் திட்டுங்க."